செக்குபந்தி

"காலஞ்சென்றாரா?" என்று கேட்டார்
பத்திரம் எழுதும் குருபாதம்.
"காலம் செல்லவில்லை. அவர் மட்டும் சென்றார்" என்றேன்.
பேனாவை மூடிக்கொண்டு
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
பதினாலு வருஷம். கம்பத்தில் இன்னொரு வீடு.
விவாகரத்துக்கு ரெண்டு பேரும் அலையவில்லை.
நீங்கள் இப்படியே போய்விட்டால்
பாதி அவருக்குப் போகும் என்றார்.
அதற்காகத்தான் பஸ் ஏறினேன் என்றேன்.

கொடைக்கானல் பத்திர ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்குள் அவருடைய மேஜை.
மேகம் கேட்காமல் உள்ளே வந்து
காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தது.
உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதுமாம்.

"பண்ணைக்காடு வீரசின்னம்மாள் ஆகிய நான்
நல்ல நினைவோடும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்..."

தூண்டுதல் இருந்தது.
மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கையில்
இடது கை தானாகக் கிளையை விட்டது.
திண்டுக்கல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி
ரொம்ப மெதுவாகப் பேசினார்.
அதெல்லாம் எழுத வேண்டாம் என்றார் குருபாதம்.

ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.
காப்பி. சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு. ஓட்டுவீடு, மேல் அறை.
செக்குபந்தி?
வடக்கே ஓடை என்கிறது அப்பாவின் பத்திரம்;
ஒரு நவம்பர்ப் புயலில் ஓடை
பத்தடி தள்ளிப் படுத்தது, திரும்பி வரவில்லை.
கிழக்கே மன்னாடியார் ஆரஞ்சுத் தோட்டம்.
ஆரஞ்சு செத்து இருபது வருஷம்
பெயர் மட்டும் காய்க்கிறது.
தெற்கே வண்டிப்பாதை.
மேற்கே கொழுந்தன்:
வருஷம் ஒரு முழம் நடக்கும் வேலி.

மகள் தவமணி, வயது பத்தொன்பது.
கையெழுத்துப் போடுவாளா?
போடுவாள், பஸ் டிக்கெட்டில்,
மிளகுக் கொடி மாதிரி சுருள் சுருளாக.
ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.
ஆகவே அவள் ஆயுள்வரை அவளுக்கு,
அவளை வைத்துப் பார்ப்பது செபஸ்தியம்மாள்,
மேல் அறை செபஸ்திக்கே.

"உறவு?"

பழம் பறிக்க வந்தாள். அன்று மழை விடவில்லை.
பதினோரு வருஷமாக விடவில்லை.
குருபாதம் "தோழி" என்று எழுதி அடித்தார்,
"நம்பிக்கைக்கு உரியவர்" என்று எழுதினார்.
அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சிக்கு அவளையே கூப்பிடட்டுமா என்றேன்.
பெறுகிறவர் சாட்சி போட்டால்
கொடுத்தது செல்லாமல் போகுமாம்.
என்னை ஒரு மணி நேரமாகத் தெரிந்த இரண்டு பேர்
என்னைத் தெரியும் என்று கையெழுத்திட்டார்கள்.
என்னைத் தெரிந்தவள் வெளியே சவுக்கைமேல் உட்கார்ந்து
தவமணிக்கு அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் சொன்னேன்.
இதெல்லாம் உயிலில் வராதும்மா என்றார்.
உரக்கடை ரசீதின் பின்னால் நானே எழுதிக்கொண்டேன்:
கூழில் உப்பு கூடினால் கிண்ணத்தைக் கவிழ்ப்பாள், அடிக்காதே.
இடி இடித்தால் அலமாரிக்குள் போய்விடுவாள், இழுக்காதே.
பக்கத்தில் உட்கார்ந்து
முறத்தில் மிளகு உதிர்.
அந்தச் சத்தத்துக்கு வருவாள்.

நினைத்தால் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்,
கடைசியாக எழுதியதே செல்லும் என்று
ஃபீசை எண்ணிக்கொண்டே சொன்னார் குருபாதம்.
என் கல்யாணப் பத்திரிகையில்
அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது
செபஸ்தி ஒன்றும் கேட்கவில்லை.
கவரை என் மடியிலிருந்து எடுத்து
நனையாமல் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி இடி.
அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம்.
எழப் போனவள் எழவில்லை.
கண்ணை மூடி, இல்லாதவளைப் போலக் கிடந்தேன்.

மேல் அறையிலிருந்து இறங்கும் கால்.
விளக்கு போடவில்லை.
பிறகு முறத்தில்,
ஒன்று, ரெண்டு, நிறைய,
மிளகு.

ரசீது இன்னும் என் பர்ஸில்தான் இருந்தது.